எண்ணெய் கேட்காத சக்கரம்

நம் வீட்டுத் தையல் மிசினுக்கு ஏன் எண்ணெய் விடுவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் அது கறக் கறக் என்று கத்தும். காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவீர்கள். என் உள்ளங்கையில் ரேகை ஏன் அழிந்து கிடக்கிறது என்றும் சின்னவள் கேட்டிருக்கிறாள். மில்லில் கயிறு உரசிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே ஆள்தான். உங்கள் மாமா.

போன வாரம் பெரியவன் காற்றாலை வேலைக்குச் சேர்ந்த இடத்திலிருந்து போன் செய்தான். சாப்பாடு பரவாயில்லை, தொட்டுக்கொள்கிற வெஞ்சனம்தான் சரியில்லை என்றான். பிறகு, "மேல உச்சில ஒரு பெட்டி மாட்டிருக்காங்கப்பா. தீ கீ பிடிச்சா அதுல தொங்கி இறங்கிறலாமாம்" என்றான். நான் சரிப்பா என்று மட்டும் சொன்னேன். பக்கத்து அறையில் தையல் மிசின் சத்தம் நின்றுவிட்டது. உங்கள் அம்மா காலை மிதிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் சின்னவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

மாமா உங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி. செம்பட்டி ரோட்டில் நான் வேலை பார்த்த அதே நூற்பாலையில்தான் அவனும் இருந்தான். நான் பஞ்சு குடோனில். அவன் ஆயிலராகச் சேர்ந்து, அதாவது மிசின்களுக்கு எண்ணெய் விடுகிற ஆளாகச் சேர்ந்து, பிறகு மிசின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் ஆனவன். கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு நம் வீட்டில்தான். பெரியவன் அப்போது ஒன்றாம் வகுப்பு. மாமாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போவான். மணி அடிக்கிற உரிமை அவனுக்கு, பிரேக் பிடிக்கிற உரிமை தனக்கு என்று மாமா பிரித்துக் கொடுத்திருந்தான்.

மில்லுக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஆனாலும் அத்தனை இரைச்சலிலும் எங்கோ ஒரு பேரிங் எண்ணெய் இல்லாமல் காய்ந்து கத்தினால் மாமாவுக்குக் கேட்டுவிடும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போவான். "புள்ள அழுகுதுல்ல மச்சான், பால் குடுத்துட்டு வாரேன்" என்பான். சுற்றுகிற சாமான் கத்தினால் அது எண்ணெய்க்கு அழுகிறது. மில்லில் நாங்கள் எல்லோரும் படித்த ஒரே பாடம் அதுதான்.

அந்த வருஷம் மில்லின் உயரமான தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பெட்டி வந்தது. தொட்டியின் அடிவயிற்றில் மலைத்தேனீக்கள் கூடு வைப்பது வழக்கம். புகை போட்டு விரட்டினால் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடும். இரும்பு ஏணியோ அந்தக் கூட்டுக்குப் பக்கமாகத்தான் ஏறிப் போகிறது. மேலே ஆள் இருக்கும்போது தேனீ கிளம்பினால் ஏணியில் இறங்க முடியாது. அதனால் எதிர்ப்பக்கத்தில் தொங்கி இறங்குகிற மாதிரி அந்தப் பெட்டியை மாட்டினார்கள். நாங்கள் அதை இறங்குற பெட்டி என்றே சொன்னோம்.

சிவப்பு நிறம். ஒரு தூக்குச்சட்டி அளவு இருக்கும். உள்ளே சக்கரம், சக்கரத்தில் கயிறு. கயிற்றின் ஒரு முனை மேலே, இன்னொரு முனை தரையில். இரண்டு முனையிலும் கொக்கி வைத்த பெல்ட். ஒருவர் மாட்டிக்கொண்டு இறங்க இறங்க, தரையில் கிடக்கிற பெல்ட் அடுத்த ஆளுக்காக மேலே ஏறிப் போகும். உள்ளே சின்னக் கட்டைகள் இருக்கின்றன. சக்கரம் வேகமாகச் சுற்றினால் அவை விரிந்து பெட்டியின் உள்சுவரை உரசிப் பிடித்து நிறுத்தும். கிணற்றில் பார்த்துப் பார்த்து வாளி விடுவதுபோல ஆளை மெதுவாக விடும்.

மாட்டிக் கொடுத்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். மாசாமாசம் என்ன பார்க்க வேண்டும் என்று காட்டினார். கயிறு முழுவதையும் விரல் இடுக்கில் விட்டு உருவ வேண்டும், எங்காவது பிசிறு, விறைப்பு, உருகிய தழும்பு தட்டுகிறதா என்று. பெல்ட்டின் தையலைப் பிரித்துப் பார்ப்பதுபோல விரித்துப் பார்க்க வேண்டும். கொக்கியின் நாக்கு தானாக மூடிக்கொள்ள வேண்டும். கடைசியாகக் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும், பெட்டி பிடிக்க வேண்டும். சொல்லிவிட்டு அவரே இறங்கிக் காட்டினார். அடுத்து மாமா இறங்கினான். தரையில் கால் வைத்ததும், "பழனி விஞ்சு கணக்கா இருக்கு மச்சான். டிக்கெட்டுதான் இல்ல" என்றான். அன்றிலிருந்து அந்தப் பெட்டி அவன் பொறுப்பு.

பெட்டியின் முகப்பில் வெள்ளையாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. சின்னச் சின்னப் படங்கள், இங்கிலீஷ் எழுத்து. முதல் ஆயுத பூஜைக்கு எல்லா மிசினுக்கும் பொட்டு வைத்தபோது இதற்கும் வைத்தோம். பெட்டி சிவப்பு. அதில் குங்குமம் வைத்தால் தெரியாது. அதனால் அந்த வெள்ளைத் தாளில் சந்தனத்தைத் தடவி நடுவில் குங்குமம் வைத்தோம். வெயிலில் காய்ந்து சந்தனம் அப்படியே பிடித்துக்கொண்டது. அடியில் இருந்த ஒரு படத்தில் எண்ணெய்க் குப்பி போட்டுக் குறுக்கே அடித்திருந்தது. சந்தனத்தைச் சுரண்டியபோதுதான் அது தெரிந்தது. எப்போது சுரண்டினார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மாமா சாப்பிட வந்தவன் அடுப்படிக்குப் போகாமல் நேராகத் தையல் மிசினிடம் போனான்.

"அக்கா, ஒன் மிசின் எண்ணெயக் குடு."

"மில்லு பூராம் எண்ணெயாக் கெடக்கு. நம்ம வீட்டுல வந்து கேக்குறான் பாரு" என்றாள் உங்கள் அம்மா.

"மில்லு எண்ணெய் கனமா இருக்கும்க்கா. இது உசுரக் காக்குற சாமான். இழுத்தா சர்ருங்குது, காஞ்சு போயிக் கெடக்கு பாவம். நல்ல எண்ணெயா விடணும்."

அவள் மூக்கு வைத்த அந்தச் சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். மிச்சத்தைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும், முழுதும் ஊற்றிவிட்டு வந்தால் ராத்திரிச் சோறு கிடையாது என்றாள். அவன் சொன்னபடி மறுநாள் பாட்டிலைத் திருப்பி வைத்தான், பொரிகடலைப் பொட்டலத்தோடு. நாலு திருகாணியைக் கழற்றி, உள்ளே எங்கெல்லாம் உரசுகிறதோ அங்கெல்லாம் சொட்டு விட்டுத் துடைத்து மூடினானாம். அந்த மாசச் சோதனை முன்பே முடிந்திருந்ததால் வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக மட்டும் இழுத்துப் பார்த்திருக்கிறான். "இப்ப இழுத்தா சத்தமே இல்ல. வெண்ணெய் கணக்கா வருது" என்று பூரிப்பாகச் சொன்னான். கேட்ட எங்களுக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. வெண்ணெய் மாதிரி வரக்கூடாத ஒரு சக்கரம் உலகத்தில் உண்டு என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அந்தச் சர்ர் சத்தம்தான் அதன் பிடி. அது எண்ணெய்க்கு அழவில்லை. தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தீபாவளி கழிந்து தொட்டிக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிக்க வந்தவர் கன்னிவாடிக்காரர், சன்னமான உடம்பு. மாமா அவரோடு மேலே ஏறி மிதவை வால்வைச் சரி செய்துகொண்டிருந்தான். அவர் பழைய காரையைச் சுரண்டியபோது ஒரு பாளம் பெயர்ந்து நேராகக் கூட்டின் மேல் விழுந்திருக்கிறது.

நான் குடோன் வாசலில் நின்றேன். தொட்டியின் வயிறு கறுப்பாக அவிழ்வதைப் பார்த்தேன். ஆட்கள் உள்ளே ஓடினார்கள். நான் தொட்டியைப் பார்த்து ஓடினேன்.

மேலே நடந்ததைப் பின்னால் அந்தக் கன்னிவாடிக்காரர் சொன்னார். மாமா அவர் தலையில் தன் துண்டைச் சுற்றிவிட்டு, நமக்குப் பழக்கம்தான், நீங்க முதல்ல போங்கண்ணே என்றானாம். பெல்ட்டை மாட்டிவிட்டு, அந்த நேரத்திலும் கொக்கியின் நாக்கு மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தானாம். "அவரு கை பூராம் தேனீங்க. அதத் தட்டாம என் கொக்கியப் பாத்தாருங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷர் அழுதார்.

அவர் இறங்கவில்லை. விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். கீழே வெள்ளையடிப்புக்குக் கொட்டிய மணல் குவியல் இருந்தது, உடம்பும் லேசு. கால் மட்டும் பிசகியது. "பிடிக்கலங்க, அது பிடிக்கல" என்று கத்தினார். நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே ஏறிப் போன பெல்ட்டை மாமா மாட்டிக்கொண்டிருந்தான். சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடியிருந்தான். வேண்டாம் மாப்ளே, வேண்டாம் மாப்ளே என்று நெஞ்சு வெடிக்கக் கத்தினேன். மில் இரைந்துகொண்டிருந்தது. அவன் காதைச் சுற்றித் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. எந்தக் காதுக்கு மில்லில் எதுவும் தப்பாதோ, அந்தக் காதில் என் சத்தம் விழவில்லை.

அவன் காலை எடுத்துவிட்டான்.

கன்னிவாடிக்காரர் கழற்றிய பெல்ட் மேலே பறந்தது. அவன் இறங்கும்போது அந்தப் பக்கத்துக் கயிறு மேலே போக வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் அவனைப் பிடித்த மாதிரி. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போய்ப் பிடித்தது. பிடித்தேன் என்றா சொல்வது? கயிறு என் கைக்குள் ஓடியது. தோல் கருகுகிற வாடை வந்தது. கொஞ்சம் மட்டுப்பட்டது. கொஞ்சம்தான். அவன் மணலில் விழவில்லை, மணலைத் தாண்டிக் கல் பாவிய தரையில் விழுந்தான்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகுத் தண்டு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை என்றார்கள். நான் இரண்டு கையிலும் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா கஞ்சி வாங்கி வந்து ஒரு வாய் அவனுக்கும் ஒரு வாய் எனக்கும் ஊட்டினாள். "ரெண்டு கைப்பிள்ளயப் பெத்துட்ட அக்கா" என்றான். அவள் சிரித்துக்கொண்டே வராந்தாவுக்குப் போனாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

மில்லில் மேஸ்திரி அந்தப் பெட்டியைப் பிரித்தார் என்றும், பஞ்சை விட்டுத் துடைத்தபோது எண்ணெய் வந்தது என்றும், சந்தனத்தைச் சுரண்டியபோது அந்தக் குப்பிப் படம் தெரிந்தது என்றும் எனக்குச் சொல்லி அனுப்பினார். மில் எண்ணெய் என்றால் பஞ்சு பழுப்பாகும். இது நிறமே இல்லாமல் வந்தது. அவர் முகர்ந்து பார்த்திருக்கிறார், அவர் வீட்டிலும் தையல் மிசின் உண்டு. அது எந்த எண்ணெய் என்று வேறு யாரிடமும் சொல்லாமல் பஞ்சைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். நல்ல மனுஷர்.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். சொல்லத் தேவை இருக்கவில்லை. ஒரு மத்தியானம் அம்மா கீழே மாத்திரை வாங்கப் போயிருந்தபோது அவனே ஆரம்பித்தான்.

"நான் வரயில சத்தமே வரல மச்சான்."

"பேசாம படு மாப்ளே."

"பெட்டி கத்தவே இல்ல. மொதத் தடவ இறங்குனப்ப என்னா கத்து கத்துச்சு. அது கத்தணும்போல மச்சான். கத்துறதுதான் அதுக்குப் பிடி. நான்தான் வாயப் பொத்திட்டேன்."

நான் சுவரைப் பார்த்தேன். அவன் சொன்னான்: "எல்லார்ட்டயும் சொல்லிருங்க, அதுக்கு எண்ணெய் ஆகாதுன்னு. எந்த மில்லுல மாட்டிருந்தாலும் போய்ச் சொல்லுங்க. எந்த எண்ணெய்னு அக்காகிட்ட மட்டும் வேணாம். தான் குடுத்ததுன்னு தெரிஞ்சா அது தாங்காது. சத்தியம் பண்ணுங்க."

கையில் அடித்துச் சத்தியம் செய்ய எனக்குக் கை இல்லை. இரண்டும் கட்டுக்குள் இருந்தன. கட்டோடு அவன் நெஞ்சில் வைத்தேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

கார்த்திகைக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். படுக்கைப் புண்ணும் காய்ச்சலும் அவனைக் கொண்டுபோய்விட்டன. கார்த்திகைக்கு நம் வீட்டில் விளக்கு வைக்கவில்லை. பெரியவன் மட்டும் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வாசலில் நின்றான். மணியை அடிக்காதே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைச் சோதிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். புதுப் பெட்டி வந்தது. கை தேறியதும் மாசாமாசம் ஏறினேன். கயிற்றை விரலில் உருவினேன், தையலை விரித்தேன், கொக்கியை அழுத்தினேன், வெடுக்கென்று இழுத்துச் சர்ர் கேட்கிறதா என்று பார்த்தேன். ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைக்க விட்டதில்லை, பெட்டிக்கு மேலே கம்பியில் ஒரு முழம் பூ மட்டும். ரெட்டியார்சத்திரம் பக்கத்து மில்களுக்கும் கூப்பிட்டார்கள். போய்ச் சொன்னேன். இதற்கு எண்ணெய் விடக்கூடாது, எங்கள் மில்லில் விட்டு ஒரு ஆள் போய்விட்டார் என்று சொல்வேன்.

சொன்னால் சிரிப்பார்கள். ஒரு தடவை ஒரு இளவட்டப் பிட்டர், "எந்தக் கூறுகெட்ட ஆளுண்ணே பிரேக்குக்குப் போயி எண்ணெய் விட்டது? புரோட்டாக் கல்லுன்னு நெனச்சுட்டாரா?" என்றான். கூட்டமே சிரித்தது. நான் யாரோ ஒரு ஆள் என்றேன். சிரித்து முடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டு அடுத்தது கொக்கி என்று ஆரம்பித்தேன். திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மில்லிலேயே அவ்வளவு கருத்தான ஆள் கிடையாது. நல்ல எண்ணெயாகத் தேடி வந்து வாங்கிப் போனவன். அவனைக் கூறுகெட்டவன் என்கிறார்கள், நான் கேட்டுக்கொண்டு வருகிறேன். வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும். மில்லில் சொன்னது எப்படியும் வீடு வந்து சேர்ந்துவிடும். இப்படியே வருஷங்கள் போயின.

தையல் மிசின் கத்த ஆரம்பித்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. மாமா திருப்பி வைத்த பாட்டில் மிசின் இழுப்பறையில் இருந்தது. ஒருநாள் பார்த்தால் இல்லை. பிறகு வாங்கவும் இல்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எதிர்வீட்டு அம்மா, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால்தான் என்ன என்று கேட்டார்கள். "கத்துனாக் கத்தட்டும்" என்றாள் உங்கள் அம்மா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று எனக்கு மட்டும் பட்டது. அவளிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மிசின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போனீர்கள்.

போன வாரம் பெரியவன் போனை வைத்த பிறகு அவள் மிசினை விட்டு எழுந்து வந்தாள்.

"அவன்ட்டச் சொல்லிருங்க."

"எண்ணெய் ஆகாதுன்னு சொல்லிர்றேன்" என்றேன்.

"அது இல்ல. மாமன்தான் போட்டான்னு சொல்லுங்க. யாரோ போட்டான்னா கேட்டுட்டு மறந்துருவான். எண்ணெய் நான் குடுத்ததுன்னும் சொல்லுங்க."

யார் உனக்குச் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? எம்புட்டுக் குடுத்தேன், எம்புட்டு திரும்பி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? எளவு வீட்டுல நாலு பேரு எண்ணெய் எண்ணெய்ன்னு பேசுனது காதுல விழுகாதா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். "நீங்க சொல்லாம இருந்தீங்களே, அதுக்காகத்தான் நானும் கேக்கல. அவன் ஒங்ககிட்டச் சத்தியம் வாங்கியிருப்பான்னு தெரியும். அவன் அப்படித்தான்."

அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் அவனுக்காகச் சேர்ந்து அழுதோம். இத்தனை வருஷமும் தனித்தனியாகத்தான் அழுதிருக்கிறோம்.

சின்னவளே, மிசின் சத்தத்துக்கு இனி மாடிக்குப் போகாதே. பக்கத்தில் உட்கார்ந்து படி.

பெரியவனே, நீ ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியை முதலில் பார். கயிற்றை விரலில் உருவு. கொக்கியை அழுத்திப் பார். வெடுக்கென்று இழு. கை தடைபட வேண்டும், சர்ரென்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதைத் தொடாதே, யாரையும் தொட விடாதே, கீழே சொல்லு. அதைத் திறக்கிற வேலை உன்னுடையது இல்லை, செய்து அனுப்பினவர்களுடையது. கூட வேலை பார்க்கிற யாராவது ஒரு நல்ல மனுஷன், அது காய்ந்து கத்துகிறதே என்று இரக்கப்பட்டு எண்ணெய்க் குப்பியோடு வருவான். வராமல் இருக்க மாட்டான். அவனைத் திட்டாதே. சிரிக்காதே. குப்பியை மட்டும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்.